வெருட்டியதும் விரட்டியதும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை என்னுடைய வழக்கை நானே மீளப் பெற்றுக்கொண்டேன்.

பத்து வருடக் கோப்பு. சட்டத்தரணியின் அலுவலகத்தில் அதற்கென்று தனியாக ஓர் அட்டைப்பெட்டியே இருக்கிறது. அதை முடித்துவைக்க ஒரு பக்கக் கடிதம் போதுமாக இருந்தது. மனுதாரர் தமது மனுவைத் தாமாகவே மீளப் பெறுகிறார் என்ற பொருளில் நான்கைந்து வரிகள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

சட்டத்தரணி டயான் அறுபதை நெருங்கும் பெண்மணி. கடிதத்தை என் முன்னால் வைத்தார். பேனாவைத் தரவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்து ரேவதி தமிழில் சொன்னாள். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி அவள். ஈரோட்டுப் பக்கம். என்னோடு வருவதற்காக அன்று அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

"யாராவது உங்கள ஃபோர்ஸ் பண்றாங்களான்னு கேக்கறாங்க, அண்ணா."

"இல்லை எண்டு சொல்லுங்கோ."

"சைன் பண்ணிட்டா திரும்ப ஓபன் பண்ண முடியாதாம். நாட்டை விட்டுப் போகணும்ங்கற ஆர்டர் அப்படியே நிக்கும். பத்து வருஷத்துக்கு இங்க திரும்பி வர்றது கஷ்டம். புரிஞ்சுதான் பண்றீங்களான்னு கேக்கறாங்க."

"விளங்கித்தான் செய்யிறன்."

டயான் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவைத் தந்தார். நான் எழுதி முடித்ததும் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். ரேவதி அதை மொழிபெயர்க்கவில்லை. காரில் ஏறிய பிறகு நான் கேட்டேன்.

"ஜெயிக்க வேண்டிய கேஸ்னு சொன்னாங்க" என்றாள்.

2

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நில அளவையாளரிடம் வேலை செய்தவன். அவர் அளப்பார், நான் படம் கீறுவேன். காணி உறுதிப் பத்திரங்களோடு இணைக்கும் படங்கள். கிணறு எங்கே, பனை எங்கே, யாருடைய வேலி எங்கே முடிகிறது என்பதெல்லாம் என் கையால் கடதாசியில் ஏறியிருக்கின்றன.

எங்கள் பகுதியில் பலருடைய காணிகள் இராணுவம் போட்ட பெரிய முட்கம்பி வேலிக்குள் அகப்பட்டிருந்தன. சொந்தக்காரர்கள் வழக்குப் போட விரும்பினார்கள். வழக்குக்குப் படம் வேண்டும். உள்ளே போய் அளக்க முடியாது. பழைய படங்களைத் தேடியெடுத்து ஒன்றோடொன்று பொருத்தி ஒரு முழுப் படத்தைக் கீறித் தந்தேன். முப்பத்தாறு குடும்பங்களின் காணி ஒரே தாளில் தெரிந்தது. அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு பின்னேரம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சாதாரண உடுப்பு. யார் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கதிரையில் இருந்தார்கள். என் மனைவி சுகந்தியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஐந்து வயது மதுரா சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் படம் கீறினால் கீறுகிற கை இருக்காது என்று ஒருவர் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. போகும்போது மதுராவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

பதினைந்து நாள் கழித்து என்னை வீதியில் வைத்து ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதிகாரிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் வைத்தியருக்குமாக ஆறு தடவை சொல்லியாகிவிட்டது.

3

எத்தனை நாடுகளைத் தாண்டி வந்தேன் என்பதும் இந்தக் கதைக்குத் தேவையில்லை. டெக்சாஸ் எல்லையில் பிடிபட்டு, தடுப்பு முகாமில் இருந்தேன். மூன்றாவது வாரம் ஓர் அறைக்குக் கூட்டிச் சென்றார்கள். மேசையில் ஒரு தொலைபேசி, எதிரே ஓர் அதிகாரி. தொலைபேசிக்குள் இருந்து தமிழ் பேசும் பெண் ஒருவரின் குரல். தமிழ்நாட்டுக்காரர். மிகவும் மரியாதையான குரல். "சொல்லுங்க சார்" என்றார். அவ்வளவு நாட்களுக்குப் பிறகு காதில் விழுந்த தமிழ். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நான் அழுது முடியும்வரை காத்திருந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்கு வந்தவை, வெருட்டினவை என்றேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தட்டச்சுச் செய்தார். கடைசியில் பக்கங்களில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

பிணையில் வெளியே வந்து நியூ ஜெர்சிக்கு வந்தேன். தஞ்சம் கேட்ட வழக்கும் என் பின்னால் வந்தது. விசாரணைத் திகதி தருவார்கள், தள்ளிப்போடுவார்கள். ஒருமுறை நீதிபதி மாறினார். ஒருமுறை நோய்த்தொற்றுக் காலம் என்று நீதிமன்றமே மூடிக்கிடந்தது. ஆறு வருடம் அப்படிப் போயிற்று.

கடைசியில் விசாரணை வந்தபோது நீதிமன்றத்தில் மொழிபெயர்த்தவர் எங்கள் பக்கத்து ஆள். நான் சொன்னதைச் சொன்னபடி சொன்னார். அதுவே வினையாயிற்று. அரசாங்கத்தரப்புச் சட்டத்தரணி எழும்பிக் கேட்டார்: "முதல் விசாரணையில் இரண்டு பேர் உங்களைத் துரத்தினார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். இப்போது கதிரையில் இருந்து பேசினார்கள் என்கிறீர்கள். எது உண்மை?"

"துரத்தேல்லை. நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"இது உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"எவ்வளவு தூரம் துரத்தினார்கள்?"

"ஒருத்தரும் துரத்தேல்லை, ஐயா."

நான் மறுக்க மறுக்க என் முகத்தில் பொய் ஏறிக்கொண்டே போனது போலிருந்தது. நீதிபதியின் தீர்ப்பு பதினொரு பக்கம். அதில் எனக்கு ஒரு வசனத்தை மட்டும் டயான் விரல் வைத்துக் காட்டினார். நான் நம்பத்தகுந்த சாட்சி அல்ல.

4

இங்கே நான் செய்யும் வேலை வேலி அடிப்பது. வீடுகளின் பின்வளவுக்கு மரவேலி, வினைல் வேலி. படம் பார்த்து எல்லை குறிக்கத் தெரிந்தவன் என்பதால் கம்பனி முதலாளி என்னை விடவில்லை. மான்மவுத் ஜங்ஷனில் ரேவதி வீட்டுக்கு வேலி போடப் போனபோதுதான் அவளைத் தெரியும். நான் தொலைபேசியில் சுகந்தியோடு கதைப்பதைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா அண்ணா?" என்று ஓடி வந்தாள். இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடிவந்துவிட்டேன். ரேவதியும் கணவர் செந்திலும் கம்ப்யூட்டர் வேலை. மகள் தியாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் ஆங்கிலத்தில் வரும். "சாப்பிட்டீங்களோ?" என்றால் "ஐ ஏட் ஆல்ரெடி, அங்கிள்" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே பழகிக்கொண்டோம்.

தீர்ப்பு வந்த வாரத்தில் ஒரு ஞாயிறு காலை, கோப்பு முழுவதையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி ரேவதி வாசித்தாள். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும். டெக்சாஸ் விசாரணைப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"உங்கள விரட்டினாங்களா அண்ணா?"

"ஓம். வெருட்டினவை."

"எவ்ளோ தூரம்?"

"என்ன தூரம்?"

"விரட்டினாங்கன்னா, நீங்க ஓட, அவங்க பின்னாடி ஓடி வந்தாங்கல்ல?"

"ஆர் ஓடினது? அவை கதிரையில இருந்துகொண்டெல்லோ வெருட்டினவை."

"கதிரைன்னா சேர்தானே? சேர்ல உக்காந்துக்கிட்டு எப்படி அண்ணா விரட்ட முடியும்?"

"கையை முறிப்பம் எண்டு சொல்லி வெருட்டினவை. பயப்பிடுத்தினவை, தங்கச்சி."

ரேவதி வாயில் கையை வைத்தாள். "மிரட்டினாங்க! அண்ணா, அதை நாங்க மிரட்டறதுன்னு சொல்வோம். விரட்டறதுன்னா துரத்தறது." சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறிப்போனது. "அந்தம்மா நம்ம ஊர்க்காரங்கதான். நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அந்தத் தொலைபேசிக் குரலின் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கேட்டதைத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் ஒரே மொழி என்றுதான் இருவருமே நினைத்திருந்தோம்.

அதன் பிறகு ரேவதி விடவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பிக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, இரண்டு சொல்லும் வேறு வேறு என்று கடிதம் வாங்கினாள். மேன்முறையீட்டுச் சபை அதை ஏற்கவில்லை. கையெழுத்து வைத்துவிட்டு இவ்வளவு காலம் கழித்துச் சொல்லும் விளக்கம் இது என்று ஒரு பந்தியில் முடித்துவிட்டார்கள். அதை எதிர்த்து மேல் நீதிமன்றத்தில் போட்டதுதான் இப்போது நான் மீளப் பெற்ற மனு. அங்கே கேட்பார்கள் என்று டயான் நம்பினார். ரேவதி டயானைவிட அதிகம் நம்பினாள்.

5

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு, வேலை தொடங்க முன்னர், கம்பனி ட்ரக்கில் இருந்தபடி வீட்டுக்கு அழைப்பேன். அங்கே பின்னேரம். மதுரா டியூசன் முடிந்து வந்திருப்பாள்.

சின்ன வயதில் அவள் தொலைபேசியை விடமாட்டாள். பல் விழுந்ததைக் காட்டுவாள், பூனை குட்டி போட்டதைக் காட்டுவாள். பத்து வயதில் கேத்திர கணிதம் கேட்பாள். நான் வேலிப் பலகையில் பென்சிலால் முக்கோணம் கீறிக் காட்டுவேன். பிறகு அதை டியூசன் மாஸ்டர் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு "ஓம் அப்பா", "இல்லை அப்பா", "அம்மாட்டக் குடுக்கிறன்" என்ற அளவில் பேச்சு நின்றது. இங்குள்ள பிள்ளைகள் தமிழை விட்டு விலகிப் போகிறார்கள் என்று கோயிலில் சந்திக்கும் தாய்தகப்பன்மார் கவலைப்படுவார்கள். என் பிள்ளை நல்ல தமிழில்தான் பேசுகிறாள். விலகிப் போனது வேறு.

இந்த மாசி மாதம் ஒருநாள் அவள் தொலைபேசியைத் தாயிடம் கொடுக்கவில்லை.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளம்மா."

"இந்தக் கேஸில நீங்கள் வெண்டா, நாங்கள் அங்க வரவேணுமே?"

"ஓம். நீயும் அம்மாவும் வரலாம்."

"வரலாமோ, வரவேணுமோ?"

"வந்தாத்தானேயம்மா மூண்டு பேரும் ஒண்டா இருக்கலாம். வெண்டா எனக்கு அங்க வர ஏலாது, வந்தாத் தந்த தஞ்சம் போயிடும்."

பின்னால் யாரோ பிள்ளைகள் சிரிப்பது கேட்டது.

"அப்ப வெல்லாதேங்கோ, அப்பா."

அவளே தொடர்ந்தாள். ஓ.எல். பரீட்சை முடிந்ததும் கணிதப் பிரிவில் சேர இருக்கிறாள். வலைப்பந்தாட்டக் குழுவில் இருக்கிறாள். தாரணி என்றொரு சிநேகிதி, நான் பார்த்ததே இல்லை. அங்கே வந்தால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கவேண்டும், தனக்கு ஆங்கிலமும் வராது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"உங்கட கேஸ் நாளிலயெல்லாம் அம்மா அர்ச்சனை செய்யக் கூட்டிக்கொண்டு போறவா. நான் மற்றப் பக்கமாத்தான் கும்பிட்டனான். அம்மாக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லமாட்டன்" என்றேன்.

அன்று நான்கு கம்பங்களை எல்லைக் கோட்டுக்கு வெளியே நட்டுவிட்டேன். என்னோடு வேலை செய்யும் லூயிஸ் குவாத்தமாலாக்காரன். ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் கிளப்பித் திரும்ப நட உதவி செய்தான். மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவைத்தான்.

6

சுகந்தி கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்கிறாள். பத்து வருடம் ஒற்றை ஆளாய் வீட்டைக் கொண்டு நடத்தியவள். முடிவை அவளிடம் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. மதுரா சொன்னதை முழுவதும் சொல்லவில்லை. பிள்ளைக்கு அங்கே வர விருப்பமில்லை என்று மட்டும் சொன்னேன்.

"அவள் பிள்ளை. அவள் சொன்னதுக்காக முடிவெடுக்காதேங்கோ. உங்கட உயிர்" என்றாள்.

"ஆரும் விசாரிச்சு வந்தவையே?"

"மூண்டு வருசமா ஒருத்தரும் வரேல்லை. அதுக்காக வரமாட்டினம் எண்டு நான் சொல்லமாட்டன்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"நான் வாங்கோ எண்டும் சொல்லேல்லை, வராதேங்கோ எண்டும் சொல்லேல்லை. பிறகு ஏதும் நடந்தா நான்தானே அதோட இருக்கவேணும்."

அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ரேவதியிடம் சொன்னது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவள் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முதலில் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்ன அண்ணா பேசறீங்க? இன்னும் ஆறு மாசம், ஒரு வருஷம். வெயிட் பண்ண முடியாதா?"

"வெண்டா அதைவிடக் கஷ்டம், தங்கச்சி. பிறகு போகவே ஏலாது."

"அங்க போனதும் அவங்க திரும்ப வந்தாங்கன்னா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு இவ்ளோ சாதாரணமா சொல்றீங்க! அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை சண்டே உக்காந்திருப்போம். இப்ப வித்ட்ரா பண்ணிட்டா, நீங்க பொய் சொன்னீங்கன்னே ரெக்கார்டுல நின்னுடும். அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

அவள் சொன்னதுதான் என்னைப் பல நாட்களாக அரித்துக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் யாராவது ஒரு நீதிபதி, இந்த மனிதன் உண்மைதான் சொன்னான் என்று ஒரு வரி எழுதவேண்டும் என்பதற்காகவே கடைசி இரண்டு வருடங்களைத் தள்ளியிருக்கிறேன். அந்த வரி வந்தால் என் குடும்பம் வராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கீழ்த்தளத்தில் தனியாக இருப்பேன். இதை அவளிடம் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "பிள்ளைக்குப் பதினைஞ்சு வயது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொள்ளலாம்.

"அங்க போய் என்ன வேலை பண்ணுவீங்க? மறுபடி படம் வரைவீங்களா?"

"இல்லை. இனிப் படம் கீறமாட்டன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அந்த இரண்டு பேரும் கேட்டது அதைத்தான். இவ்வளவு தூரம் ஓடி, இவ்வளவு காலம் வழக்காடிவிட்டு, அவர்கள் சொன்னபடி நடக்கப் போகிறேன். பயம் போய்விட்டதா என்று யாராவது கேட்டால், போகவில்லை. பயத்தோடுதான் போகிறேன்.

மாடிப்படியில் தியா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "அங்கிள், ஆர் யூ லீவிங் அஸ்?" என்று கேட்டாள். ஓமம்மா என்றேன். அவள் மேலே ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

நீதிமன்றத்தின் கட்டளை வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் வந்தது. மனு மீளப் பெறப்பட்டதால் தள்ளுபடி செய்யப்படுகிறது. அவ்வளவுதான். டயான் அதை அனுப்பிவைத்து, பயணத் திகதியைத் தனக்கு அறிவிக்கும்படியும், விமானச்சீட்டின் பிரதியைக் கவனமாக வைத்துக்கொள்ளும்படியும் கீழே எழுதியிருந்தார். செந்தில் நூவர்க்கில் இருந்து சீட்டுப் போட்டுத் தந்தார். ரேவதி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய பயணப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சில்லு நல்லா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்று, சக்கரத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்லையே போட்டுச் சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்றுக் காலை மதுராவோடு கதைத்தேன்.

"அப்பா வாறனம்மா."

"அம்மா சொன்னவா." கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னதாலயே?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. அப்பாக்கும் போதும் எண்டு போச்சுது."

அவள் அதை நம்பினாளா தெரியாது.

"வந்தா எங்கட வீட்டிலதானே இருப்பியள்?"

"ஓம். வேற எங்க?"

"எந்த அறையில?"

எங்கள் வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் சுகந்தி, மற்றதில் மதுரா. யோசிக்காமல் கேட்ட கேள்விதான். அவளுக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அந்த வீட்டில் இரண்டு பேர்தான். நான் பதில் சொல்லுமுன் முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "நில்லு, வாறன்" என்று அங்கே சொல்லிவிட்டுத் திரும்ப என்னிடம் வந்தாள்.

"பரவாயில்லை. நீங்கள் என்ர அறையை எடுங்கோ அப்பா. நான் அம்மாவோட படுக்கிறன்."

"சரியம்மா."

"மேசை மட்டும் அங்கதான் இருக்கும். தூக்க ஏலாது, சரியான பாரம். நான் படிக்க வருவன்."

"வா அம்மா" என்றேன்.